வாங்கி 9 நாள், ஸ்டக் ஆனது 14 தடவை

களுவாஞ்சிகுடிப் பிரதான வீதியில் ஒரு கொமினிகேஷன் கடைக்கு வாங்கிய புது டெஸ்க்டொப். ரைசன் 5 5600ஜி, நான்கு ராம் ஸ்லொட் உள்ள பி450 மதர்போர்ட், 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கேசிங்கோடு சேர்ந்து வந்த பவர் சப்ளை, 650 விஏ யூபிஎஸ். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. விண்ணப்பப் படிவம் தட்டச்சு, ஸ்கேன், பக்கத்தில் நிற்கும் பெரிய ஃபோட்டோ கொப்பி மெஷினுக்கு யூஎஸ்பி வழியாகப் பிரின்ட் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. வாங்கிய 9 நாளில் 14 தடவை ஸ்டக். இடையில் ஒரு தடவை விண்டோஸை அழித்து மறுபடி போட்டாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை.

புது மெஷின் ஸ்டக் ஆனால் எல்லோரும் முதலில் செய்வது விண்டோஸ் போடுவதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸ் தானாகக் கெட்டுப்போவது அரிது. அதைவிட முக்கியம், மறுபடி போடும்போது விண்டோஸ் நடந்ததை எழுதிவைக்கும் இவென்ட் வியூவரில் பதிந்திருந்த எல்லாமே அழிந்துவிடும். இந்த மெஷினிலும் அதுதான் நடந்தது. 6ஆம் நாள் விண்டோஸ் போட்டதால் 14 தடவையில் கடைசி 5 மட்டுமே உள்ளே பதிவாக இருந்தது. மிச்சத்துக்குக் கைகொடுத்தது, கடையில் வேலை செய்யும் தம்பி பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்த குறிப்பு. "காலை 10.20, ஸ்கேன், 40 பக்கம்." "பின்னேரம் 4 மணி, கொப்பி மெஷின் கேபிள் குத்தினவுடன்." "சும்மா இருக்கேக்க." இந்த மூன்று வகைக் குறிப்புத்தான் இறுதியில் பழுதை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. 14இல் 7 பாரமான வேலையின்போது, 5 கொப்பி மெஷினின் கேபிளைக் குத்திய கையோடு, 2 ஒன்றும் செய்யாமல் இருந்தபோது.

ஸ்டக் ஆன நிமிடத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன் அரை நிமிடம் செலவழித்தால் போதும், பாதி வேலை முடியும். கீபோர்டில் கெப்ஸ் லொக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறினால் உள்ளே இயக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது, மாறாவிட்டால் முழுதாக இறுகிவிட்டது. மௌஸ் அசைகிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை என்றால் சந்தேகம் எஸ்எஸ்டி பக்கம். திரை மட்டும் நின்று, பாட்டு தொடர்ந்து ஓடினால் டிஸ்ப்ளே டிரைவர். அப்போது கொன்ட்ரோல், ஷிப்ட், விண்டோஸ், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பீப் சத்தத்தோடு டிரைவர் மறுபடி தொடங்கும், திரை மீளவும் கூடும். சத்தம் ஒரே துண்டில் மாட்டி "ர்ர்ர்" என்று இரைந்தால், அது அடிமட்டத்தில் நின்றுபோனதன் அடையாளம். இந்த மெஷினில் கெப்ஸ் லொக் விளக்கு ஒரு தடவையும் மாறவில்லை. மௌஸும் இல்லை, மணிக்கூட்டின் நிமிடமும் நின்ற இடத்திலேயே நின்றது. ஆகவே ராம், சிபியூ, மதர்போர்ட், மின்சாரம் என்ற வட்டத்துக்குள் தேட வேண்டும்.

இவென்ட் வியூவரில் விண்டோஸ் லொக்ஸ், சிஸ்டம் என்ற இடத்தைத் திறந்தால், இருந்த 5 தடவைக்கும் கேர்னல் பவர் 41 என்ற பதிவு. பலர் இதைப் பார்த்ததும் "பவர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பவர் சப்ளையை மாற்றுகிறார்கள். 41 சொல்வது, போன தடவை மெஷின் ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை மட்டுமே. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் விழும். அதன் விவரத்தில் பக்செக் கோட், அதாவது நீலத்திரைப் பிழையின் எண், 0 என்று இருந்தால் நீலத்திரை ஏதும் பதிவாகவில்லை என்று பொருள். இங்கே எல்லாம் 0. எஸ்எஸ்டி பதில் சொல்லாதபோது விழும் 129, டிஸ்ப்ளே டிரைவர் விழுந்து எழும்பினால் வரும் 4101, இரண்டும் இல்லை. சிபியூவோ ராமோ தானே முறையிடும் டபிள்யூஎச்இஏ பதிவும் இல்லை. ஆனால் இல்லாததை வைத்து அவற்றை முழுதாக விடுவிக்க முடியாது. இறுகின மெஷினால் எதையும் எழுதி வைக்க முடியாது.

கேசிங்கைத் திறக்க முன் வொரண்டி ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பின் திருகாணியின் மேல் ஒட்டியிருந்தால், வாங்கிய கடைக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிட்டுத் திறப்பதே நல்லது. பில்லையும், ராம், எஸ்எஸ்டி, மதர்போர்ட் ஒவ்வொன்றின் சீரியல் இலக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை 10 செக்கன் அழுத்தி மிச்ச மின்னைப் போக்கிவிட்டு உள்ளே கை வையுங்கள்.

உள்ளே 24 பின் இணைப்பும், சிபியூவுக்குரிய 8 பின் இணைப்பும் கொளுக்கி விழும்வரை இறங்கியிருந்தன. மதர்போர்ட்டுக்குப் பின்னால் தேவையில்லாத பித்தளைத் தாங்கி ஏதும் முட்டவில்லை. சிபியூ ஃபேனின் நான்கு திருகும் இறுக்கம். வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் மாதம், பின்னேரம் கடைக்குள்ளேயே 34 பாகை. சிபியூவை 20 நிமிடம் முழுப் பாரத்தில் ஓட்டியபோது 81 பாகைக்கு ஏறி அங்கேயே நின்றது. 5600ஜியின் எல்லை 95. சூடு கூடினால் சிபியூ முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் மெஷின் அணைந்துவிடும். ஸ்டக் ஆகி நிற்பது சூட்டின் வழமையான குணமில்லை. இருந்தாலும் புது மெஷினில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: கூலரின் அடித்தட்டில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டிய மெஷின்கள் உண்டு.

பவர் சப்ளையின் 12 வோல்ட் மஞ்சள் வயரில் மல்டிமீட்டர், சும்மா இருக்கையில் 12.08, பாரத்தில் 11.91. பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் நியமப்படி 11.40க்கும் 12.60க்கும் இடையில் இருக்கலாம். ஆனால் மீட்டர் காட்டுவது சராசரியை. 12 வோல்ட்டின் மேல் ஏறி இறங்கும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பதும் அதே நியமத்தில் உள்ளது, அதைப் பார்க்க ஒசிலோஸ்கோப் வேண்டும். ஆகவே நம்பிக்கையான இன்னொரு பவர் சப்ளையை ஒரு நாள் முழுதும் மாட்டி ஓட்டினோம். அன்றும் இரண்டு தடவை ஸ்டக். பவர் சப்ளை கணக்கிலிருந்து போனது.

அடுத்தது ராம். முதல் பார்வையிலேயே இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. இரண்டு ராம் தட்டும் வெவ்வேறு பிராண்ட். ஒன்றின் ஸ்டிக்கரில் வேகம் 3200, தாமத அளவு சிஎல் 16, 1.35 வோல்ட். மற்றதில் 3600, சிஎல் 18, 1.35 வோல்ட். இரண்டும் சிபியூவுக்குக் கிட்டவுள்ள 1ஆம், 2ஆம் ஸ்லொட்டுகளில் குத்தியிருந்தன. நான்கு ஸ்லொட் போர்டில் இரண்டு தட்டுப் போடுவதென்றால் சிபியூ பக்கமிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் ஸ்லொட். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் தொங்கும், வேகமும் பாதியாகும், அந்த ஒரு வழியின் மேல் மின்சமிக்ஞைப் பாரமும் கூடும். மதர்போர்ட்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் போனால் எக்ஸ்எம்பி இயக்கப்பட்டு, இரண்டும் 3600இல் ஓடிக்கொண்டிருந்தன.

எக்ஸ்எம்பி என்பதை "ராமின் சரியான வேகம்" என்று நினைத்து எல்லா மெஷினிலும் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது ராம் தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த ஓவர்குளொக். 5600ஜியின் மெமரி கட்டுப்பாட்டுக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் டிடிஆர்4 3200 வரைதான். அதற்கு மேலே போவதும், 3200 தட்டொன்றை 3600க்குத் தள்ளுவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்த காரியம். ஓடவும் கூடும். ஓடினாலும் ஆயிரம் கோடி வாசிப்பில் ஒன்று பிழைத்தால் போதும். பிழைத்த பிட் ஒரு படத்தின் ஓரத்தில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. விண்டோஸின் கருவான கேர்னலின் அட்டவணையில் விழுந்தால் மெஷின் அந்த இடத்திலேயே நிற்கும். பாரமான வேலையில் கூடுதலாகவும் சும்மா இருக்கையில் எப்போதாவதும் ஸ்டக் ஆனதற்கு இது பொருந்திப் போகிறது. சூட்டுக்கும் பங்குண்டு. ராமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச்சிறிய கொள்ளளவியில் தேங்கிய மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருக்கும், 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் வாசித்து மறுபடி நிரப்ப வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். காலையில் தப்பித்துப் போகும் ராம், கச்சான் வீசும் 2 மணிக்குக் கைவிடும்.

ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள். 2 ஜிபிக்குக் குறையாத ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மெஷினைத் தொடங்க வேண்டும். இலவசப் பதிப்பு 4 சுற்று வரை ஓடும், 16 ஜிபிக்கு நான்கு சுற்றும் முடிய பல மணித்தியாலம் பிடிக்கும். ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு "ராம் ஓகே" என்று சொல்வதில் பயனில்லை. 650 விஏ யூபிஎஸ் தாங்குவது சில நிமிடம்தான், ஆகவே மின்வெட்டு அறிவித்த நேரத்தைத் தவிர்த்துத் தொடங்குங்கள்.

கடையில் இருந்தபடியே, ஒன்றும் மாற்றாமல் முதல் சோதனை: முதலாம் சுற்றில் சுத்தம், இரண்டாம் சுற்றில் பிழையைக் காட்டும் சிவப்புக் கோடுகள் விழத் தொடங்கின. அடுத்து ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே 2ஆம் ஸ்லொட்டில் போட்டு, அதனதன் சொந்த வேகத்தில் 4 சுற்று. இரண்டிலும் பிழை 0. பிறகு இரண்டையும் சரியான ஸ்லொட்டில், அதாவது 2இலும் 4இலும் போட்டு 3600. மறுபடி சிவப்பு. வேகத்தை மட்டும் 3200க்கு இறக்கி, 1.35 வோல்ட்டில் விட்டு மறுபடி 4 சுற்று. 0.

ஆகவே இரண்டு ராமும் தனித்தனியே நல்லவை, சேர்த்து ஓட்டிய வேகம்தான் பிழை. வொரண்டிக்குக் கொண்டுபோகும்போது இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "ராம் பழுது" என்று மட்டும் சொன்னால் அங்கே ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்து, நல்லாயிருக்குது என்று திருப்பித் தருவார்கள், அது பொய்யும் இல்லை. "இரண்டையும் சேர்த்து, எக்ஸ்எம்பி போட்டு, 4 சுற்று ஓட்டுங்கள்" என்று கேளுங்கள். பிழை காட்டும் திரையின் படத்தையும் கொண்டுபோங்கள். கேட்க வேண்டியது, ஒரே பெட்டியில் சோடியாக வரும் 8 ஜிபி இரண்டு. அது கிடைக்கும்வரை 3200இல் ஓட்டலாம், பிரின்டுக்கும் தட்டச்சுக்கும் வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ராமின் தங்கப் பற்களை அழிறப்பரால் தேய்ப்பது இங்கே ஒரு வழக்கம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஊர், உப்புக் காற்றில் நான்கைந்து வருடம் நின்ற மெஷினுக்கு அது உதவும். புது ராமுக்கு வேண்டாம். தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் உரியும், உதிரும் தூள் ஸ்லொட்டுக்குள் விழும்.

3200இல் விட்ட பிறகு ஸ்கேன், பெரிய பிடிஎஃப், எதிலும் இறுகவில்லை. ஆனால் மூன்றாம் நாள் கொப்பி மெஷினின் யூஎஸ்பி கேபிளை லெப்டொப்பிலிருந்து கழற்றி டெஸ்க்டொப்பில் குத்திய கணத்தில் மறுபடி ஸ்டக். பில் புத்தகக் குறிப்பில் இருந்த அந்த 5 தடவையும் வேறு பழுது என்பது அப்போது உறுதியானது. கூடவே இன்னொரு முறைப்பாடும் இருந்தது, கணக்கில் எடுக்காமல் விட்டது: "கேசிங்கில முழங்கை பட்டா சுள்ளெண்டுது." வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்பவருக்கு மட்டும் அப்படி இருந்தது.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் 600 அல்லது 750 என்ற இடத்தில் வைத்து, ஒரு முனையைக் கேசிங்கின் பெயின்ட் படாத திருகாணியிலும், மற்றதைச் சுவர் பிளக்கின் எர்த் துவாரத்திலும் பிடித்தபோது வந்தது 2 வோல்ட். சந்தேகம் தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் கொப்பி மெஷினின் கேபிள் அப்போதும் குத்தியபடி இருந்தது. கொப்பி மெஷின் நேரே சுவரில், ஒழுங்கான எர்த்தோடு. கம்பியூட்டரின் கசிவு மின் யூஎஸ்பி கேபிளின் வெளிக்கவசம் வழியாகக் கொப்பி மெஷினுக்குப் போய், அதன் எர்த்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மொனிட்டர் உட்பட வெளியே போகும் எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு அளந்தால் 98 வோல்ட்.

இந்த 98 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பவர் சப்ளையின் வாசலிலும் இரைச்சலை வடிக்க இரண்டு சிறு கொள்ளளவிகள் உண்டு, ஒன்று ஃபேஸிலிருந்து கேசிங்குக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து கேசிங்குக்கு. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் இரண்டுக்கும் நடுவில், 230இன் பாதியில் மிதக்கும். மீட்டர் கொஞ்சம் இழுப்பதால் 115க்குக் குறைவாகக் காட்டும். கசிவு ஒரு மில்லிஅம்பியருக்கும் கீழே, ஆகவே சுள்ளென்பதோடு போகும். ஆனால் உள்ளே எங்காவது ஃபேஸ் வயர் கேசிங்கில் முட்டும் நாளில் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. யூஎஸ்பியைக் குத்தும்போது நடப்பது, மிதக்கும் கேசிங்கும் எர்த்தான கொப்பி மெஷினும் முட்டும் அந்தக் கணத்தில் மின் பாய்வது. கவசம் முதலில் முட்டும், ஆனால் துடிப்பு டேட்டா கம்பிகளிலும் ஏறி யூஎஸ்பி கட்டுப்பாட்டையும் அதோடு மெஷினையும் நிறுத்தும்.

எர்த் எங்கே அறுந்தது என்று தேடப் பெரிய வேலை இல்லை. சுவரிலிருந்து யூபிஎஸ் வரை ஓடும் எக்ஸ்டென்ஷனைக் கழற்றித் திறந்தோம். மேலே மூன்று துவாரம், பிளக்கில் மூன்று பின். உள்ளே ஓடியது இரண்டே வயர். மூன்றாவது துவாரத்துக்குப் பின்னால் பித்தளைத் தகடுகூட இல்லை, வெறும் பிளாஸ்டிக் குழி. பிளக்கின் எர்த் பின்னும் பிளாஸ்டிக். கடைகளில் மலிவாகத் தொங்கும் பல எக்ஸ்டென்ஷன்கள் இப்படித்தான். வாங்கும்போதே மீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு துவாரத்தின் எர்த்துக்கும் முட்டிப் பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டால் வயரைக் கையில் எடுத்துத் தடிப்பைப் பாருங்கள், பிளக்கைத் திறக்க விட்டால் மஞ்சளும் பச்சையும் கலந்த வயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

1.5 சதுர மில்லிமீற்றர் மூன்று கோர் வயர், ஃபியூஸ் உள்ள 13 அம்பியர் பிளக், பித்தளை எர்த் உள்ள சொக்கெட் பெட்டி. மாற்றிய பிறகு எல்லாக் கேபிளும் கழற்றிய நிலையில் கேசிங்குக்கும் எர்த்துக்கும் இடையே 0.3 வோல்ட். கேபிளை 20 தடவை குத்திக் கழற்றியும் மெஷின் அசையவில்லை. கொப்பி மெஷினை எக்ஸ்டென்ஷனிலோ யூபிஎஸ்ஸிலோ போடக்கூடாது, அதன் சூடாக்கி இழுக்கும் மின்னை 650 விஏ தாங்காது. அது சுவரிலேயே இருக்கட்டும்.

எர்த் கம்பியையும் வயர்மனைக் கொண்டு பார்க்கச் சொன்னோம். கரையோர மணல் நிலத்தில், மழையில்லாத மாதங்களில் மேல்மண் காய்ந்து எர்த் கம்பியின் தடை ஏறும். ட்ரிப் சுவிச்சில் டெஸ்ட் பட்டனை அழுத்த அது விழுந்தால் எர்த்தும் நல்லது என்று நினைப்பது தவறு. அந்தப் பட்டன் சுவிச்சின் பொறியை மட்டுமே சோதிக்கும், மண்ணுக்குள் இருக்கும் கம்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை. எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் வயர்மனிடம் கேட்க வேண்டும். மீட்டரைப் பழகாதவர்கள் மேலே சொன்ன அளவீட்டையும் அவரிடமே விடுங்கள்.

இந்த மெஷினில் இல்லாத, ஆனால் வேறு புது மெஷின்களில் வரக்கூடியவை சில. சும்மா இருக்கும்போது மட்டுமே இறுகும் ரைசன் என்றால், பயோஸில் பவர் சப்ளை ஐடில் கொன்ட்ரோல் என்பதை டிப்பிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். மிகக் குறைந்த மின்னில் சில பவர் சப்ளைகள் நிலைதடுமாறும். ஓரிரு செக்கன் மட்டும் சத்தமும் படமும் விக்கி, பிறகு தானாகச் சரியானால் அது ரைசனின் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியின் கோளாறாக இருக்கலாம். 2022இல் ஏஎம்டி ஒப்புக்கொண்டு பயோஸ் வழியாகத் திருத்தியது, பழைய இருப்புப் போர்டுகளில் இன்னும் பழைய பயோஸ் இருக்கும். இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிபியூ என்றால் வேறு கதை. கூடிய வோல்ட்டேஜால் சிபியூவே மெல்ல மெல்லத் தேய்கிறது என்று இன்டெல் 2024இல் சொன்னது, வொரண்டியையும் 2 வருடம் நீட்டியது. அந்த மெஷினை வாங்கிய அன்றே பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். தேய்ந்ததை பயோஸ் திருப்பித் தராது. மௌஸ் அசைந்து, டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 வீதம் என்று நின்று, வேகம் மட்டும் 0 என்றால் எஸ்எஸ்டி. பவர் ஒப்ஷன்ஸில் லிங்க் ஸ்டேட் பவர் மனேஜ்மென்டை அணையுங்கள், எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் புது ஃபேம்வெயர் இருந்தால் போடுங்கள். அதற்குப் பிறகும் 129 விழுந்தால் வொரண்டிக்கு அனுப்புங்கள்.

நாளைக்கு ஒன்றரைத் தடவை இறுகிய மெஷின் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பில் புத்தகத்தில் குறிப்பு எழுதுவதை நிறுத்தாமல், அதே வேலையை அதே வெக்கையில் 7 நாள் ஓட்டியபோது ஒரு தடவையும் விழவில்லை. சோடி ராம் வந்ததும் அதையும் 3200இலேயே வைத்து 4 சுற்று ஓட்டி, 0 வந்த பிறகே மூடினோம். கேசிங்கின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ராம் ஸ்லொட் 2, 4, வேகம் 3200, 1.35 வோல்ட், எக்ஸ்டென்ஷன் மூன்று கோர். பயோஸைப் புதுப்பித்தாலோ, மதர்போர்ட்டின் 2032 பட்டரி இறங்கினாலோ அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடும். அப்போது யாராவது எக்ஸ்எம்பியைப் பழைய வேகத்துக்குத் தட்டிவிடாமல் இருக்க அந்தத் தாள்.